உலகநாதனுக்குத் தெரியுமா

என்னை ஏன் கடைசியாகப் போட்டார்கள்? கூட்டத்தை நடத்துகிற எங்கள் ஆய்வகத்து இசக்கிமுத்து கையில் வைத்திருக்கிற தாளில் ஏழு பெயர். ஏழாவதாக ‘திரவியம் – சக ஊழியர், நண்பர், உறவினர்’ என்று எழுதியிருக்கிறான். மற்ற ஆறு பேருக்கும் ஒரே ஒரு பட்டம்தான், எனக்கு மட்டும் மூன்று. மரியாதைக்குத்தான் கடைசி என்றான், “கடைசியில பேசுறவங்க பேச்சுதான் சார் மனசுல நிக்கும்” என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் மைக் வயரைப் பார்த்தான். வயரில் என்ன இருக்கிறது பார்க்க? ஆறு பேர் பேசி முடிக்கிறவரை இவன் உட்கார்ந்து வேர்க்கட்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ. மணி பதினொன்று இருபது. மண் பரிசோதனை நிலையத்தின் பயிற்சிக் கூடம் இது, விவசாயிகளை உட்காரவைத்து உரத்தைப் பற்றி வகுப்பெடுக்கிற இடம். இன்றைக்கு மேடையில் ஒரு மேஜை, மேஜைமேல் நாற்காலி, நாற்காலியில் படமாக உலகநாதன். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்று மூன்றாம் நாள், அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். படத்தில் சிரிக்கிறான். எப்போதும் சிரித்தவன்தான், அதனால் இந்தச் சிரிப்பிலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. முன்வரிசையில் அவன் மனைவி கோமதி மதினி, அவளுக்குப் பக்கத்தில் அவள் தங்கை செண்பகம், செண்பகத்துக்குப் பக்கத்தில் செண்பகத்தின் புருஷனாகிய நான். அக்காவை அவன் கட்டினான், தங்கையை நான் கட்டினேன், கட்டிவைத்ததும் அவன்தான். இருபத்தாறு வருஷம் ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. இந்த மூன்று பட்டத்தையும் தாண்டி நாலாவதாக ஒன்று இருக்கிறது, அது தாளில் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனைப் பற்றி மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டவன் நான். இந்த ஒன்பது வருஷமும் நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி ஒன்றுதான். அவனுக்குத் தெரியுமா? தெரியுமென்றால் யாரிடம் சொல்லிவிட்டுப் போனான்?

உதவி இயக்குநர் அம்மா பேசுகிறார். “அப்பழுக்கில்லாத சேவை” என்கிறார். அப்பழுக்கில்லாத என்று சொல்லும்போது ஒரு நொடி நின்றாரே, எதற்கு? மூச்சு வாங்கவா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர், வந்ததும் எல்லோருடைய பழைய கோப்பையும் எடுத்துப் படித்தார் என்று கேள்வி. படித்திருந்தால் அந்தக் கடிதமும் அதில் இருந்திருக்கும், விசாரணை அறிக்கைக்குப் பின்னால், பழுப்புக் கவரோடு. இப்போது அவர் பார்வை முன்வரிசைக்கு வருகிறது, மதினிமேல் தங்குகிறது, செண்பகத்தின்மேல் தங்குகிறது, என்மேல் மட்டும் தங்காமல் ஜன்னலுக்குப் போய்விடுகிறது. தங்கியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன், அது எனக்கே தெரியும். காய்கறிக்காரன் நல்ல கத்தரிக்காயை எடுத்துப் போட்டாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஜென்மம் நான். செண்பகம் அடிக்கடி சொல்வாள், “உங்களுக்கு நாக்குல ருசியே சந்தேகந்தான்.” அடுத்து ஒரு விவசாயி மேடையேறுகிறார், ஆவாரங்குளத்துக்காரர், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மைக்கை இரண்டு கையாலும் பிடிக்கிறார். “ஐயா கையில நாலு பொட்டு மண்ணக் குடுத்தேன். தண்ணி தொட்டு விரலுக்கு நடுவுல உருட்டுனாவ. ‘கம்மாக்கரைக்கு மேக்க இருக்க புஞ்ச தான?’ன்னாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு.” கூடத்தில் ஈரமான ஒரு சிரிப்பு பரவுகிறது. ஆமாம், அவனுக்கு அந்தக் கை இருந்தது. எங்களுக்கு வருகிற மண்ணுக்குப் பெயர் கிடையாது. யார் நிலம், எந்த ஊர் என்று சோதிக்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்று பதிவிலேயே பெயரை மறைத்து எண் போட்டுத்தான் தட்டில் வைப்பார்கள். உலகநாதன் ஒரு சிட்டிகை எடுத்து உருட்டி, முகர்ந்து, “என்னவே சகல, நூத்திப் பதினாலு நம்ம செவல்காட்டு ஆளு போலருக்கே” என்பான். பிறகு அதை அப்படியே மறந்துவிட்டு முழுச் சோதனையும் செய்வான், ஒரு படி விடாமல், சந்தேகம் வந்தால் இரண்டு தடவை. விளையாட்டு வேறு, வேலை வேறு என்று இருந்தவன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் எழுதினேன்: ‘இந்த ஊழியர் மண்ணைச் சோதிப்பதே இல்லை. கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மனம்போல முடிவு எழுதுகிறார். ஏழை விவசாயிகள் பாதிக்கப்படுகிறார்கள்.’ ஏழை விவசாயிகள்! இந்த ஆவாரங்குளத்துக்காரர் அந்த வரியைத்தான் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டுகிறாரோ. இவரைப் பேசக் கூப்பிட்டது யார்?

ஏன் எழுதினாய் என்று ஒருத்தர் கேட்டால் என்ன சொல்வேன். அந்த வருஷம் இரண்டு தட்டு மாறிப்போனதற்காக எனக்கு மெமோ வந்தது. தட்டை மாற்றி வைத்தது நான்தான், கை தவறி. அன்றைக்கு அறையில் இருந்தது நானும் உலகநாதனும் மட்டும். அப்படியானால் மேலே போய்ச் சொன்னது யார்? கணக்கு சரியாக வந்தது, எனக்குக் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். மூன்று நாள் தூக்கமில்லை. நாலாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, இதே கட்டிடத்தில், மண் காயப்போடுகிற அறையில் உட்கார்ந்து இடது கையால் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, தட்டு மாறியதை ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. நல்ல கரம்பை நிலத்துக்காரர் ஒருவர் தன் மண்வள அட்டையில் உவர்நிலம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நேராக அதிகாரியிடம் வந்து நின்றிருக்கிறார். அதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. அதோடு இன்னொன்றும் உண்டு, அதை எனக்குள்ளேயே மெதுவாகத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். மெமோ வராமலிருந்தாலும் வேறொரு காரணம் எனக்குக் கிடைத்திருக்கும். அவனை எல்லோருக்கும் பிடித்தது. பியூன் அவன் பிளாஸ்க்கில்தான் முதலில் டீ ஊற்றுவான். பெண் பார்க்கப் போன அன்று செண்பகம்கூட என்னை நிமிர்ந்து பார்க்காமல் “அத்தான் சொன்னாச் சரிதான்” என்றாளாம், இதை ஒரு பெருமை மாதிரி இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னை அவனுக்குப் பிடித்திருந்தது, அதில் சந்தேகம் வைக்க இடமில்லாதபடி பிடித்திருந்தது. சந்தேகம் வைக்க இடமில்லாத ஒரு பொருளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது யார் பேசுகிறார்கள், ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர். இவர் விசாரணையின்போது இருந்தவர். இவர் வாயைக் கவனிக்க வேண்டும். “ஒரு சோதனையான காலகட்டத்திலும் உலகநாதன் முகம் சுளிக்கலை” என்கிறார். சோதனையான காலகட்டம், வந்துவிட்டது. ஆனால் அவர் அங்கே நிற்காமல் அடுத்து அவன் வீட்டுப் பருப்புத் துவையலுக்குப் போய்விடுகிறார். பதினான்கு மாதம். அந்தக் காலகட்டம் பதினான்கு மாதம் நீடித்தது. அவனை ஆய்வகத்திலிருந்து எடுத்துப் பதிவறையில் போட்டார்கள். அவன் அந்த வருஷம் சோதித்த மாதிரிகளையெல்லாம் வேறு ஊருக்கு அனுப்பி மறுபடி பார்த்தார்கள், அத்தனையும் பொருந்தின, ஆனால் அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் பதவி உயர்வுப் பட்டியல் போய்விட்டது. மத்தியானம் டிபன் டப்பாவோடு ஆய்வகத்துக்கு வருவான், காய்கிற மண்ணில் விரலை விட்டு அளைந்துகொண்டு நிற்பான். “சும்மாதாம்வே, கை அரிக்கி” என்பான். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அப்புறம் அந்தப் பேனா. விசாரணை அதிகாரி கடிதத்தை அவனிடம் காட்டி விளக்கம் கேட்ட வாரம் அது. திடீரென்று என் மேஜைமேல் ஒரு பேனாவை வைத்தான், நீல மூடி. “வச்சுக்கோவே. எந்நேரமும் என்ன பென்சில்.” அவ்வளவுதான் சொன்னான். பென்சில் என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. கடிதத்தைப் பென்சிலால் எழுதியிருந்தேன். மண் பைக்குள் போடுகிற துண்டுச் சீட்டை நாங்கள் பென்சிலால்தான் எழுதுவோம், ஈரத்தில் மை கலங்கிவிடும் என்று. வருஷக்கணக்கில் அதே பழக்கம். இடது கையால் எழுத வேண்டும், தபாலை வேறு ஊரில் போட வேண்டும் என்றெல்லாம் யோசித்த மண்டைக்கு இது மட்டும் தோன்றவில்லை. உலகத்தில் வேறு எவன் அதிகாரிக்குப் பென்சிலால் மனு எழுதுவான்? ஆய்வகத்தில் பென்சில் பிடிக்கிறவர்கள் நாலே பேர். அப்படியானால் பேனா ஒரு செய்தி. இல்லை, பேனா வெறும் பேனா. இரண்டு நாள் கழித்து இசக்கிமுத்துவிடம் நைசாகக் கேட்டேன், உனக்கும் பேனா கொடுத்தாராமே என்று. “ஆமா சார், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில அஞ்சாறு மிஞ்சிச்சாம்” என்றான். நிம்மதியாக ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு, இசக்கிமுத்துவுக்குக் கொடுத்தது எனக்குக் கொடுத்ததை மறைக்கத்தானோ என்று தோன்றிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உலகநாதன்தான் கூட இருந்தான். செண்பகத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் வேட்டியை அலசிக் காயப்போட்டு, கஞ்சியை ஆற்றி, நர்ஸுகளிடம் ஊர் விசாரித்து, மூன்றாம் நாளே அந்த வார்டில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. மயக்கம் தெளிகிறபோது என் வாய் பேசிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது, என்ன பேசியது என்று மட்டும் நினைவில்லை. கண்ணைத் திறந்தால் அவன் முகம் என் முகத்துக்கு மேலே. “எதும் உளறுனேனா?” என்றேன். “உளறாம இருந்தாத்தான்வே அதிசயம்” என்று சிரித்தான். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை நிறுத்துப் பார்த்திருப்பேன். தெரியும் என்றால் எதற்கு என் வேட்டியைத் துவைத்தான்? தண்டனையா? நீ செய்ததற்கு நான் செய்வதைப் பார் என்று நாள்தோறும் எனக்குப் பரிமாறினானா? அப்படியானால் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். தெரியாது என்றால் அது இன்னும் மோசம். தெரியாமல் ஒருவன் வைத்த அன்பு யார்மேல் வைத்தது? கடிதம் எழுதாத ஒரு திரவியத்தின்மேல். அந்தத் திரவியத்துக்கு வந்த கஞ்சியை நான் குடித்தேன், அவனுக்கு வந்த தீபாவளி முறுக்கை நான் தின்றேன். உலகு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை ஓங்கி அறைந்திருந்தால் என்ன? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன், முடிந்திருக்கும். உன்னை நான் எவ்வளவு நேசித்தேன் என்று உனக்குத் தெரியாது. எனக்கே இந்தப் பத்தொன்பது நாளாகத்தான் தெரிகிறது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு உலகு என்ன குழம்பு கொண்டுவருவான் என்று நினைப்பு ஓடுகிறது, பிறகுதான் நெஞ்சில் வந்து இடிக்கிறது.

இசக்கிமுத்து ஆறாவது ஆளாக ஏறி, இரண்டு வரி பேசுவதற்குள் உடைந்து அழுகிறான். அழுகை நிஜம். சந்தேகப்பட்டுப் பார்த்தேன், நிஜம்தான். இவன் இறங்கினால் நான். என்ன பேசப்போகிறேன்? நேற்றே முடிவு செய்துவிட்டேன், சொல்லிவிடுவதென்று. மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும், அந்தக் கடுதாசியைப் போட்டவன் நான்தான் என்று. அவன் பெயரில் ஒட்டிய அந்தக் கறைக்கு இன்றைக்காவது ஒரு முகம் கிடைக்கட்டும். சட்டைப் பையில் எழுதி வைத்திருக்கிறேன், தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது. ஆனால் இந்த முடிவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. சொன்னால் என்ன நடக்கும்? ஒரு நிமிஷம் கூடம் அதிரும். பிறகு யாராவது ஒருவர், எப்படியும் ஒருவர், ‘ஒத்துக்கிட்டாரு பாரு, பெரிய மனசு’ என்பார். அதற்காகத்தான் சொல்லப்போகிறேனா? அவனுக்கு நடக்கிற கூட்டத்தில் எனக்கு ஒரு பட்டம் தேடுகிறேனா? சொல்லாவிட்டால் கோழை, சொன்னால் நடிகன். செண்பகத்துக்கு என்ன ஆகும் என்று இதுவரை நினைக்கவே இல்லையே. “அக்காவுக்கு ஒரு மாதிரி இருக்காம், வெந்நீர் வாங்கிட்டு வாரேன்” என்று அவள் எழுந்து போகிறாள். எங்கள் நடுவில் நாற்காலி காலியாகிறது. மதினி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மெதுவாக அந்த நாற்காலிக்கு நகர்ந்து உட்காருகிறாள். படத்தைப் பார்த்தபடியே இருக்கிறாள்.

“தம்பி, சட்டப் பையில என்ன வச்சிருக்கீங்க?”

“பேசுறதுக்குக் குறிப்பு, மதினி.”

“அந்த லெட்டர் விசயத்தச் சொல்லப் போறீங்களா?”

இசக்கிமுத்து அழுவது தூரத்தில் எங்கோ கேட்கிறது. ஒன்பது வருஷம் எங்கெங்கோ தேடினேன், அதிகாரி முகத்தில், கண்காணிப்பாளர் வாயில், விவசாயியின் சிரிப்பில். இவள் முகத்தில் தேடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு இலை போட்டுச் சோறு வைத்தவள். அவள் கையில் கரண்டி இருந்ததால் முகத்தை நான் பார்க்கவில்லை போலிருக்கிறது.

“அவனுக்கு... சகலைக்குத் தெரியுமா?”

“லெட்டரக் காட்டுன அன்னிக்கே வந்து சொன்னாவ. நான் உங்க வீட்டுக்குப் புறப்பட்டுட்டேன், நாலு வார்த்த நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கணும்னு. வாசலை மறிச்சுக்கிட்டு நின்னுட்டாவ. ‘அவனுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா, கோமதி? நாமளும் கேட்டுட்டோம்னா எங்க போவான்?’ன்னாவ.”

தெரிந்துதான் அன்பு வைத்தான், கடிதம் எழுதிய திரவியத்தின்மேல்தான் வைத்தான். இதைத்தானே கேட்டேன், இதோ கிடைத்துவிட்டது. மதினி என்னைப் பார்க்கத் திரும்பவில்லை.

“அவுக மன்னிச்சிருப்பாவ. அது அவுக குணம். நான் மன்னிக்கல தம்பி. அந்தப் பதினாலு மாசமும் ராத்திரிச் சோத்துக்கு முன்னால கையக் கழுவிட்டு, கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாவ. அத நான்தான் பாத்தேன், நீங்க பாக்கல.”

“சொல்லிடுதேன் மதினி. எல்லார் முன்னாலயும்...”

“சொல்லக்கூடாது. உங்க மனசு லேசாகுததுக்கு என் தங்கச்சி தலையில எறக்கி வைக்காதீங்க. அவளுக்கு இது தெரியக்கூடாதுன்னுதான் அவுகளும் சொல்லாமப் போயிட்டாவ, நானும் சொல்லாம இருக்கேன். எந்திரிச்சுப் போய் அவுகளப் பத்தி நல்லபடியாப் பேசிட்டு வாங்க.”

பெயரைக் கூப்பிடுகிறார்கள். மூன்று பட்டத்தையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். படி மூன்றும் ஏறுகிறேன், மைக் வாயருகே இருக்கிறது, தாளை எடுக்கவில்லை. பேசுகிறேன். அவன் விரல் மண்ணில் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், ஆஸ்பத்திரியில் என் வேட்டியைத் துவைத்ததைச் சொல்கிறேன், ஒரு நாளும் ஒருத்தரைப் பற்றியும் ஒரு குறை சொல்லாதவன் என்று சொல்கிறேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எதிரே கூடம் முழுக்கக் கண்ணைத் துடைக்கிறது. அதிகாரி அம்மா துடைக்கிறார், கண்காணிப்பாளர் மூக்கைச் சிந்துகிறார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, இப்போது எல்லா முகமும் வெறும் முகமாக இருக்கிறது. மதினி மட்டும் துடைக்கவில்லை. இறங்கி வந்து உட்காருகிறேன். மதினி குடித்து மீதி வைத்த வெந்நீர் டம்ளரைச் செண்பகம் என்னிடம் நீட்டுகிறாள், அவள் கன்னமெல்லாம் நனைந்திருக்கிறது.

“எவ்வளவு நல்லாப் பேசுனீங்க. அக்காவப் பாத்தீங்களா? நீங்க பேசி முடிக்கவரைக்கும் உங்க மூஞ்சிய விட்டுக் கண்ண எடுக்கல. அத்தானுக்கு அடுத்து உங்க மேலதான் அவளுக்கு அம்புட்டுப் பாசம்.”

“ம்” என்கிறேன்.

“பாவம், தனியா என்ன செய்வா. எப்பவும் போல ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நாம போயிருவோம், என்னங்க? அவ கையாலயே சாப்பிட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் நீங்க அத்தானப் பத்தி இந்த மாதிரி பேசிக்கிட்டு இருந்தீங்கன்னா அவளுக்கு ஆறுதலா இருக்கும்.”

மதினி இதைக் கேட்டுத் திரும்புகிறாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க தம்பி, கண்டிப்பா வரணும்” என்கிறாள்.

வருகிறேன் என்று சொல்கிறேன்.